ஆள் எண்ணாத பஸ்

சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகும் பாபநாசம் பஸ்ஸில் 27 வருடம் வேலைக்குப் போய்வந்தவள் நான். காலையில் கொஞ்சம் பிந்திவிட்டால், "டீச்சர் வந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று நடத்துநர் விசிலைக் கையில் பிடித்தபடி ஓட்டுநரிடம் சொல்வார். சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ்ஸில்கூட, நடுராத்திரியில் சாப்பிட நிறுத்தினால், கூட வரும் பையன் டார்ச் அடித்து ஆள் எண்ணிப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். பஸ் என்றால் ஆளை எண்ணும், ஆளுக்காகக் காத்திருக்கும் என்பது யாரும் சொல்லித் தராமலே எனக்குள் ஊறிப்போனது. அந்த நம்பிக்கையோடுதான் போன வருடம் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். 10 மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் 22 மணி நேரம் ஆனது. ஏறத்தாழ 15,000 ரூபாய் போனது. பணம் கொடுத்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பக் கிடைக்காத ஒரு பொருளும் போனது. புறப்படும் முன் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் என்று நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற என் வயதுப் பெண்களும் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள் பினாங்கில் இருக்கிறாள். 1989இல் கல்யாணமாகிப் போனவள். அவளுடைய கடைசிப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். நான் அப்போது சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தேன். மகளுக்கு விடுப்பு இல்லை, மருமகனுக்கும் இல்லை. விமானத்தில் போகச் சொன்னார்கள். நான்தான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். அக்காவுக்காக ஊரிலிருந்தே ஒரு பத்தமடைப் பாய் கொண்டுவந்திருந்தேன். பத்தமடை எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். கோரையை ஆற்றில் ஊறப்போட்டு, மயிர்போலக் கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிற மெல்லிய பட்டுப்பாய் அது. புடவையை மடிப்பதுபோல மடிக்கலாம். இரண்டு மாதம் முன்பே சொல்லிவைத்து, 7,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மடிப்பு விழக் கூடாது என்று சுருட்டித் துணி உறை போட்டு வைத்திருந்தேன். விமானத்தில் அதைக் கையில் எடுத்துப்போக விடுவார்களோ மாட்டார்களோ என்ற தயக்கமும் பஸ்ஸைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்குப் பஸ். டிக்கெட் 62 சிங்கப்பூர் வெள்ளி, நம் பணத்தில் 4,000 ரூபாய்க்கு மேல். உள்ளே ஏறியதும் மகிழ்ச்சியாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று வரிசைக்கு மூன்றே இருக்கைகள். வண்டி முழுக்க முப்பது பேர் இருக்கலாம். இருக்கை நன்றாகச் சாய்ந்தது, காலை நீட்டிக்கொள்ளப் பலகை இருந்தது, குலுக்கலே இல்லை. நான் ஒற்றை இருக்கையில் ஜன்னலோரம். பாயை மேலே தட்டில் வைத்தேன். நடத்துநர் என்று ஒருவர் இல்லை, ஓட்டுநர் மட்டும்தான். இதைப் பார்த்தேன், ஆனால் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. சொகுசான வெளிநாட்டுப் பஸ் என்றால் கவனிப்பும் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைப்பது நல்ல இருக்கை. நம்மைக் கவனிக்க ஆள் கிடையாது. நம் நடத்துநர் நாமேதான்.

முதல் தவறு கிழமையில். வெள்ளிக்கிழமை மாலை, அதுவும் தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டது, நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் வேலைக்கும் வீட்டுக்குமாகத் தினமும் லட்சக்கணக்கான பேர் போய்வருகிற வழி அது; விடுமுறைக்கு முந்தைய மாலையில் அதில் இறங்கக் கூடாது. செவ்வாய், புதன் என்று வாரத்தின் நடுவில், காலை வேலை நெரிசல் அடங்கியபின் கிளம்பினால் பாதிக் கவலை குறையும்.

எல்லையில் இரண்டு முறை இறங்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனையில் பெட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுக் கடவுச்சீட்டோடு மட்டும் போய்வந்தோம். முடிந்து வெளியே வந்ததும் அதே பஸ், அதே இருக்கை. அது எனக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்துவிட்டது. மலேசியப் பக்கம் அப்படியில்லை. பெட்டி படுக்கை எல்லாவற்றையும் இறக்கி எடுத்துக்கொண்டு குடிநுழைவும் சுங்கமும் தாண்ட வேண்டும். ஓட்டுநர் மலாயில் ஏதோ சொன்னார். எல்லாரும் கீழே போய்ப் பெட்டியை எடுத்தார்கள், நானும் எடுத்தேன். ஆனால் என் கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். நம் ஊரில் இடம் பிடிக்கத் துண்டைப் போட்டுவைப்போமே, அந்தப் பழக்கம். பையில் என் ரத்த அழுத்த மாத்திரைகள், ஸ்வெட்டர், போன் சார்ஜர், அக்காவுக்காக ஒரு கிலோ அல்வா எல்லாம் இருந்தன. பாய் மேலே தட்டில். பணமும் கடவுச்சீட்டும் மட்டும் இடுப்பில் சுருக்குப்பையில் இருந்தன. அது என் ஆச்சி கற்றுக்கொடுத்த பழக்கம், அன்று என்னைக் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

சோதனை மேசையில் அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மலேசியாவுக்குள் வரும் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் 2024 ஜனவரி முதல் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. மகள் நிரப்பித்தான் இருந்தாள். ஆனால் நான் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தேன். அவள் கணினியில் இருந்த பழைய நகலைப் பார்த்துப் பழைய எண்ணைப் போட்டுவிட்டாள். எண் பொருந்தவில்லை, ஓரமாகப் போய் மறுபடி நிரப்பி வாருங்கள் என்றார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் போனில் இருந்த சிங்கப்பூர் சிம் எல்லை தாண்டியதும் இணையத்தை இழந்துவிட்டது. சிம் வெளிநாட்டிலும் வேலை செய்வதற்கான ரோமிங் வசதியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சுவரோரம் நின்று போனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என் பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவது தெரிந்தது. கை நடுங்கியது. சிங்கப்பூரில் வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும், "என்ன அம்மா, ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டான். தன் போனிலிருந்து எனக்கு இணையம் கொடுத்து, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து நிரப்பிக் கொடுத்தான். இந்த ஒரு காரியத்தைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள், பிள்ளைகள் நிரப்பினால் எண்ணை நீங்கள் வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். இலவசமான இந்த அட்டைக்குப் பணம் கேட்கும் போலித் தளங்களும் இருக்கின்றன. சிங்கப்பூருக்குத் திரும்பும்போதும் இதேபோல இலவச அட்டை ஒன்று உண்டு, அதற்கும் அதே மூன்று நாள் கணக்கு. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கும் சலுகை 2023 டிசம்பரில் வந்தது. அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் சிங்கப்பூர் விசா ஒரு முறை நுழைய மட்டுமா, பல முறையா என்பது. ஒரு முறைக்கானது என்றால் மலேசியா போய்விட்டுத் திரும்ப உள்ளே வர முடியாது.

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். பல பஸ்கள் நின்றன. என் பஸ் என்ன நிறம் என்று யோசித்தால் அடர் சிவப்பு என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அடர் சிவப்பில் மூன்று நின்றன. ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். மூன்றும் இல்லை. அந்தப் பையன் என் டிக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினான். பஸ் 20 நிமிடம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது என்றார்கள். அதற்கு மேல் காத்திருக்க மாட்டோம், பிந்துகிறவர்கள் இடம் இருந்தால் எங்கள் அடுத்த பஸ்ஸில் வரலாம் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறதாம். அன்று இரவு பினாங்குக்கு அவர்களிடம் வேறு பஸ் இல்லை. மணி 11. பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதேன். 59 வயதில், முன்பின் தெரியாத ஊரில், நாலு பேர் பார்க்க அழுதேன். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை டிக்கெட், பெட்டி, நேரம் எதையும் நான் பார்த்ததில்லை. அன்று எனக்கு வந்த துக்கத்தில் பாதி அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது.

எல்லைச் சோதனைக்கு இறங்கும் முன் செய்ய வேண்டியவற்றை அன்றிரவே மனதில் எழுதிக்கொண்டேன். முடிந்தால் முன் வரிசை இருக்கையைப் பதிவு செய்யுங்கள், முதலில் இறங்கலாம். இறங்கியதும் பஸ்ஸின் முன்பக்கத்தையும் நம்பர் பிளேட்டையும் போனில் படம் எடுங்கள். இருக்கையில் ஒரு கைக்குட்டையைக்கூட விடாதீர்கள். திரும்ப அந்த வண்டியில் ஏறவே போவதில்லை என்று நினைத்து இறங்குங்கள். கழிப்பறைக்குப் போவதானால் கடவுச்சீட்டில் வேலை முடிந்த பிறகு போங்கள். உங்கள் பஸ்ஸில் வரும் ஒருவரிடமாவது முன்பே பேசி முகம் பழகி வையுங்கள். "எனக்கு நேரமானால் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். எனக்காக அந்த ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பஸ்ஸில் ஆள் இருந்திருந்தால் கதை வேறு.

பையன் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அவள் பதறித் திரும்பி வரச் சொன்னாள். ஆனால் ஞாயிறு முகூர்த்தம், அக்கா காத்திருக்கிறாள், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து கிலோமீட்டர் தள்ளி லார்க்கினில் பெரிய பஸ் நிலையம் இருக்கிறது, உள்ளே இருக்கும் கவுண்டரில் மட்டும் டிக்கெட் வாங்குங்கள், வெளியே வந்து பேசுகிறவர்களிடம் வாங்காதீர்கள் என்று பையன் இரண்டு முறை சொன்னான். அப்படிப்பட்டவர்களை அங்கே 'ஊலாட் டிக்கெட்' என்கிறார்கள். மலாயில் ஊலாட் என்றால் புழு. சொல்லிவிட்டு அவன் தன் வழியே போனான். அதற்குள் என் போன் அணைந்துவிட்டது. செயலி வழியாக வண்டி கூப்பிட முடியவில்லை, நின்ற டாக்சியில் ஏறினேன். அந்த ஐந்து கிலோமீட்டருக்கு மலேசியப் பணத்தில் 40 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். இறங்கியதும் ஒருவர் என் பெட்டியைத் தானே பிடித்துக்கொண்டு, "கோலாலம்பூரா அம்மா? இப்போதே கிளம்புகிற வண்டி" என்று நல்ல தமிழில் பேசினார். தமிழ் கேட்டதும் மனம் இளகிவிட்டது. பையன் சொன்னது அத்தனையும் ஒரு நொடியில் மறந்துபோனது. கோலாலம்பூர் போய் அங்கிருந்து பினாங்குக்கு வண்டி மாறிக்கொள்ளலாம் என்று 60 ரிங்கிட் கொடுத்தேன். உள்ளே கவுண்டரில் அதே இடத்துக்கு 35தான் என்று பக்கத்து இருக்கைப் பெண் பிறகு சொன்னாள். 'இப்போதே' கிளம்ப வேண்டிய வண்டி நள்ளிரவு தாண்டி 1.15க்குத்தான் கிளம்பியது. நம் மொழி பேசுகிறார் என்பதற்காக ஒருவரை நம்பி விடாதீர்கள் என்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் என்னைக் காப்பாற்றிய பையன் பேசியதும் அதே மொழிதான். இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பார்த்தேன். அவன் என்ன வேண்டும் என்று கேட்டான். இவர் கேட்காமலே பெட்டியில் கை வைத்தார்.

இனி குளிரைப் பற்றி. அந்த நாட்டு நெடுந்தூரப் பஸ்களில் ஏசி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆடி மாதத்துக் குற்றாலச் சாரலில் நனைந்த புடவையோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. ஸ்வெட்டர் முதல் பஸ்ஸில் போய்விட்டது. பெட்டியோ கீழ் அறையில். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். வெளியே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் ஒரு போர்வை, காலுறை, காதை மூட ஒரு துணி இவற்றை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் வெளியே பேசாத ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பஸ்களில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. நெடுஞ்சாலையில் இடையிடையே ஓய்விடங்கள் இருக்கின்றன. நன்றாக, சுத்தமாக, வெளிச்சமாக இருக்கும். சாப்பாட்டுக் கடை, தொழுகை அறை, கழிப்பறை எல்லாம் உண்டு. இரவு 3.30க்கு எங்கள் பஸ் ஒன்றில் நின்றது. எனக்கு அவசரம். ஆனால் ஏற்கெனவே ஒரு பஸ் விட்டுப்போன பயத்தில் இறங்கவே இல்லை. காலை ஆறு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்து தண்ணீரும் குடிக்கவில்லை. அதன் பலனாகக் கல்யாண வீட்டில் மூன்று நாள் நீர்க்கடுப்பில் அவதிப்பட்டேன். இப்படிச் செய்யாதீர்கள். இறங்குங்கள், இறங்கும்போது ஓட்டுநரிடம் விரல்களை விரித்துக் காட்டி எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், கைக்கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், வண்டி எண்ணைப் படம் எடுங்கள், பக்கத்து இருக்கைப் பெண்ணோடு சேர்ந்து போய்ச் சேர்ந்து வாருங்கள். 'தண்டாஸ்' என்றால் கழிப்பறை, 'பெரம்புவான்' பெண்களுக்கு, 'லெலாக்கி' ஆண்களுக்கு, 'மாசோக்' உள்ளே போகும் வழி, 'கெலுவார்' வெளியேறும் வழி. மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள் என்பதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். இந்த ஐந்து சொல் தெரிந்தால் பாதித் தைரியம் வந்துவிடும். இன்னொன்று: 2025 ஜூலை முதல் அங்கே விரைவுப் பஸ்களில் சீட் பெல்ட் கட்டாயம். படுக்கிற மாதிரிச் சாய்ந்தாலும் கட்டிக்கொண்டே சாயுங்கள்.

கோலாலம்பூரில் காலை 5.45க்கு இறங்கிய இடம் பண்டார் தாசேக் செலாத்தான் பகுதியில் உள்ள பெரிய பஸ் முனையம். 'டெர்மினல் பெர்செபாடு செலாத்தான்' என்பது அதன் பெயர், தெற்கு ஒருங்கிணைந்த முனையம் என்று பொருள். டிபிஎஸ் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரிகிறது. பஸ் நிலையம் என்று சொல்லவே தோன்றாது, விமான நிலையம் போல இருக்கிறது. ரயிலும் விமான நிலைய ரயிலும் பாலம் வழியாகவே இணைகின்றன. வரிசையாகக் கவுண்டர்கள், பெரிய திரையில் ஊர், நேரம், வாசல் எண். அங்கே யாரும் ஊர் பெயரைக் கூவி அழைப்பதில்லை. திரையைப் பார்த்துச் சரியான வாசலில் நாம் போய் நிற்க வேண்டும். டிக்கெட் வாங்கக் கடவுச்சீட்டு கேட்டார்கள். விடுமுறை நாள் என்பதால் காலை வண்டிகள் நிரம்பிவிட்டன, 10 மணி வண்டியில்தான் இடம் கிடைத்தது, 42 ரிங்கிட். சார்ஜர் ஒன்றை இரவல் கேட்டுப் போனை உயிர்ப்பித்தேன். மகள் தூங்கவே இல்லை. அவளிடமும் அக்காவிடமும் பேசிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் இருந்தேன். மாத்திரை போட வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது. மருந்துக் கடையில் கேட்டேன், மருத்துவரின் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். ஊரில் மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள் என்ற பழக்கம் இங்கே உதவாது. மாத்திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை உடம்போடும் ஒரு பங்கைப் பெட்டியிலும் வையுங்கள், மருத்துவர் சீட்டின் நகலைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

கடைசித் தவறு ஊர்ப் பெயரில். வெளியூர்க்காரர் ஒருவர் "திருநெல்வேலிக்கு வருகிறேன்" என்றால் நாம் உடனே கேட்போம்: ஜங்ஷனா, டவுனா, பாளையா, வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையமா என்று. அதே கேள்வியை நான் பினாங்குக்குக் கேட்கவில்லை. பினாங்கு என்பது தீவும் அதற்கு எதிரே உள்ள நிலப்பகுதியும் சேர்ந்த மாநிலம். தீவில் சுங்கை நீபோங் என்ற இடத்தில் ஒரு பஸ் நிலையம். நிலப்பகுதியில் பட்டர்வொர்த்தில் இன்னொன்று, ரயில் நிலையத்துக்கும் படகுத் துறைக்கும் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கடல். நான் வாங்கியது பட்டர்வொர்த் டிக்கெட். அக்கா மகன் எனக்காகச் சுங்கை நீபோங்கில் நின்றான். பிற்பகல் 3.15க்கு இறங்கி அவனைத் தேடி, போனில் பேசி விஷயம் புரிந்தபோது, அழுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அவன் பாலம் சுற்றி வருவதற்குள் நெரிசலில் நேரமாகும், படகில் ஏறுங்கள் சித்தி, நான் ஜார்ஜ்டவுன் துறையில் நிற்கிறேன் என்றான். எனவே டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், இறங்கும் நிலையத்தின் பெயரை எழுதிக் காட்டுங்கள். கூப்பிட வருகிறவரிடமும் அதே பெயரை எழுதி அனுப்புங்கள். ஈப்போவிலும் இதே கதைதான், பஸ் நிலையம் நகருக்கு வெளியே மேருராயாவில் இருக்கிறது.

படகில் கால் மணி நேரப் பயணம். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்புக் காற்று முகத்தில் பட்டது. திருச்செந்தூரில் கடலைப் பார்த்து நிற்கிற உணர்வு வந்து, அதுவரை இறுகிக் கிடந்த நெஞ்சு தளர்ந்தது. 22 மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல கால் மணி நேரம் அதுதான். மாலை 5 மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் இருவரும் நேரில் பார்த்து 19 வருடம் ஆகியிருந்தது. பாய் போய்விட்டது அக்கா என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. "ஏட்டி, பாய் போனால் போகட்டும், நீ வந்து சேர்ந்தாயே" என்றாள். கல்யாணப் பெண்ணும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரை நெய்த பாய் ஒன்று இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா மகன் அந்த நிறுவனத்தின் பினாங்கு அலுவலகத்துக்குப் போனான். கைப்பை பத்திரமாக இருந்தது. மாத்திரை, ஸ்வெட்டர், அல்வா எல்லாம் வைத்தது வைத்தபடி. அல்வா நெய்யில் ஊறியது, கெடவும் இல்லை. பாயைப் பார்க்கவே இல்லை என்றார்கள். மேல்தட்டில் நீளமாக உறைக்குள் இருந்ததை யாராவது தங்களுடையது என்று எடுத்திருக்கலாம், அல்லது வண்டியைக் கழுவுகிறவர்கள் ஒதுக்கிப் போட்டிருக்கலாம். வேறு இரண்டு பேருடைய பெயர் எழுதிய பாய் யாருக்கு என்ன பயன்படும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தப் பொருளில் என் போன் எண்ணை எழுதி ஒரு சீட்டு வைத்திருக்கலாம். பெட்டியில் எழுதி ஒட்டிய எனக்குப் பாயில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

செலவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். முதல் டிக்கெட் வீண், 4,000 ரூபாய்க்கு மேல். டாக்சி 40, லார்க்கின் டிக்கெட் 60, பினாங்கு டிக்கெட் 42, படகு, தேநீர், மற்றது எல்லாம் சேர்ந்து 160 ரிங்கிட், அதாவது 3,200 ரூபாய் போல. பாய் 7,500. மகள் புறப்படும்போது 200 ரிங்கிட்டைக் கையில் திணித்திருக்காவிட்டால் ஜொகூரிலேயே நின்றிருப்பேன். வங்கி அட்டை இருந்தாலும் அந்த ஊர்ப் பணம் இருநூறு, முந்நூறு தாளாக உடம்போடு இருக்கட்டும்.

பத்து நாள் கழித்துத் திரும்பியதும் பஸ்ஸில்தான். விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று அக்கா மகன் சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலை வண்டி, முன்வரிசை இருக்கை, கழுத்தில் ஸ்வெட்டர், கையில் எல்லாச் சாமானும். ஓய்விடத்தில் இறங்கும்போதெல்லாம் படம் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டியிடம் சைகையிலேயே சிநேகம் பிடித்தேன். இந்த முறை எல்லாவற்றையும் இறக்க வேண்டியது சிங்கப்பூர்ப் பக்கத்தில். நுழைகிற நாட்டில்தான் சாமான் சோதனை என்று அப்போது விளங்கியது. நான் பஸ்ஸுக்கு மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தேன். பாட்டி பின்தங்கிவிட்டார். ஓட்டுநரிடம் போய் இன்னும் ஒருவர் வர வேண்டும் என்று விரலைக் காட்டினேன். அவர் மணியைப் பார்த்தார், தலையசைத்தார், காத்திருந்தார்.

ஊருக்கு வந்த மறுவாரம் பத்தமடைக்குப் போனேன். பாய் நெய்த அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, இரண்டு பெயர்களையும் திரும்ப என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டார். தை மாதம் என் தம்பி மகன் பினாங்குக்குப் போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கோரை இப்போது ஆற்றில் ஊறிக்கொண்டிருக்கிறதாம்.